மரத்தோடு போன டீமேக்கர்

லாரி புறப்பட்டபோது டீமேக்கர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் ஏறி, கயிறு போட்டு இறுக்கியிருந்த பலகைகளின் மேல், கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலியில் உட்காருகிறவரைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. கறுப்புக் கோட்டு, காக்கிக் களிசான், பாலிஷ் போட்ட சப்பாத்து, விரித்த குடை. அவருக்குக் கீழே கதவு நிலைகளும் உத்தரங்களும் தூண்களும் சிவப்புச் சிவப்பாக நனைந்துகொண்டிருந்தன. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்டோர் வாசலில் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றோம். ஒருவர்கூடக் கையசைக்கவில்லை. கையசைத்தால் வழியனுப்பியதாகிவிடும், அவர் போகிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அட்டன் ரோட்டுக்கு இறங்கும் வளைவுகளில் லாரி மறைவதும் தெரிவதுமாகப் போனது. ஒவ்வொரு முறை தெரியும்போதும் குடை கொஞ்சம் சிறுத்திருந்தது.

அப்போது நான் அட்டனில் படிப்பை முடித்துவிட்டு, ஸ்டோரில் இலையைத் தேயிலையாக்கும் பொறுப்பிலிருந்த டீமேக்கருக்குக் கீழே உதவியாளாகச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் பார்க்காதவன். எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும், இன்றே தெரிந்துகொள்ள வேண்டும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன்போல ஓடிக்கொண்டிருந்தேன். எந்தச் சக்கரம் எந்த வாரில் சுற்றுகிறது, இலை ஏன் புளிக்கிறது, புளிக்கிற இலை எப்போது தேயிலையாகிறது என்று கேட்டுக் கேட்டு ஆட்களின் உயிரை வாங்குவேன். டீமேக்கர் மட்டும் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்வார். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "மோந்து பாரு." அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கேட்டால், "மூக்கு உங்க அப்பா குடுத்தது, என்னைக் கேட்டா?" என்பார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நடந்ததன் பாரம் புரியாது. எங்கள் மலையில் டீமேக்கர் வேலைக்கு வெளியிலிருந்துதான் ஆள் வருவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் வருவார், கொழும்புப் பக்கத்துக்காரர் வருவார். இவர் அதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து பறித்தவர். ஸ்டோரில் கூட்டிப் பெருக்கப் போய், மூக்காலேயே மேலே ஏறி, அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் வந்து நின்றவர். அவர் லயத்துப் பக்கம் நடந்தால் பெண்கள் பிள்ளைகளின் தோளைத் தொட்டு, "பாரு, நம்ம லயத்துப் புள்ள" என்பார்கள். அதே வாய் அவர் தாண்டியதும், "சப்பாத்து போட்டுட்டா மண்ணு ஒட்டாதாக்கும்" என்றும் சொல்லும். இரண்டும் அவர் காதில் விழும். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரித்தான் நடப்பார்.

ஆனால் அந்த நடைக்குள் ஒரு பயம் இருந்தது. டீமேக்கர் வேலை போனால் அந்த வேலைக்குக் கொடுத்த வீடும் போகும். சாதாரணத் தொழிலாளிக்காவது லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று உண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிட ஒரு பெயர் உண்டு. இவர் பெயரை லயத்துப் பதிவிலிருந்து எடுத்து வெகுநாளாகிவிட்டது. மேலே நிற்க முடியாவிட்டால் கீழே விழ இடமில்லை. நாட்டிலோ பிரஜாவுரிமை இல்லாத கூட்டத்தில் அவரும் ஒருவர். ஊர் என்று சொல்லிக்கொள்ளும் திருச்சிப் பக்கத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் அந்த வீட்டுக் கூரையை நம்பித்தான் இருந்தார்கள். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதில்லை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையின் ஜீப் சத்தம் கேட்டவுடன் அவர் கோட்டுப் பொத்தானைத் தடவிப் பார்க்கும் விரல்கள் சொல்லும்.

தொரைக்கு அந்த வருடம் கடற்கரைப் பித்து பிடித்திருந்தது. சுற்றுத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் தொரைமார் ஒவ்வொருவராகச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொரை போக விரும்பவில்லை. தெற்குக் கரையில் ஒரு பழைய சின்ன வீட்டை வாங்கி, அதைப் பெரிதாக்கி, கடைசிக் காலத்தை அங்கே கழிக்கத் திட்டம். பழைய வீட்டின் கூரை மரங்களை உப்புக் காற்றும் கறையானும் பாதி தின்றிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டுப் புதுக் கூரை போட வேண்டும். பக்கத்தில் இரண்டு அறை இழுத்துக் கட்ட வேண்டும். கடலைப் பார்த்து ஒரு நீண்ட வராந்தா வேண்டும். வரைபடத்தை ஆபீஸ் மேசையில் விரித்துவைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இங்கிலீஷ் படித்தவன் என்பதால் எனக்கு அந்த மரியாதை. தூண் எங்கே, உத்தரம் எங்கே, சாயங்காலச் சூரியன் எந்தச் சன்னல் வழியாக வரும் என்று அவர் பென்சிலால் தொட்டுத் தொட்டுக் காட்டியபோது உண்மையிலேயே எனக்கும் ஆசை வந்தது. கடலை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். மரத்தால் ஒரு வீடு எழும்பும் என்ற எண்ணமே எனக்குத் தலைக்கேறியது. அன்று முழுக்க ஸ்டோரில் அதே பேச்சுப் பேசி ஆட்களைச் சலிப்பேற்றினேன்.

மரத்துக்குத் தொரை வெளியே போகவில்லை. ஸ்டோருக்கு மேலே காற்றுத் தடுப்புக்காக நட்ட மரங்கள் வரிசையாக நின்றன. யூகலிப்டஸ் என்று புத்தகம் சொல்லும். எங்கள் பக்கத்தில் டர்ப்பன்டைன் மரம். நிழல் அதிகம் என்று ஒரு காரணம் சொல்லி அதில் பாதியைச் சாய்த்தார். பள்ளம் தோண்டி, மரத்தைக் குறுக்கே போட்டு, மேலே ஒருவன் கீழே ஒருவனாக நின்று இழுவாளால் அறுத்தார்கள். அறுத்த பலகை அறுத்த இறைச்சிபோலச் சிவந்து ஈரமாக இருந்தது. தோட்டத்து ஆசாரி ஒரு பலகையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "தொரை இத வச்சு வீடு கட்டப் போறாரா, வள்ளம் கட்டப் போறாரா?" என்றார்.

"ஏன் ஆசாரியாரே?" என்றேன்.

"பச்ச மரம் பச்சப் புள்ள மாதிரி தம்பி. படுக்கப் போட்டா ராத்திரிக்குள்ள தானா திரும்பிப் படுத்துக்கும். ஒரு வருசமாச்சும் காயணும்."

ஒரு வருடம் ஏது? அங்கே கடற்கரையில் மேசன் பழைய கூரையை ஏற்கனவே பிரித்துவிட்டான். சுவர் வெறும் தலையோடு நிற்கிறது. மழைக்கு முன்னால் கூரை ஏறாவிட்டால் சுவரும் கரையும். தொரை ஒரு நாள் ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏறிவந்து நின்றார். கொழுந்து வாட்டும் மாடி அது. வரிசை வரிசையாகச் சாக்குத் துணித் தட்டுகளில் பச்சை இலையைப் பரப்பி, காற்றோட்டத்தில் வாட விடுவோம். வெயில் காலத்தில் சன்னல்களைத் திறந்து வைப்போம், மழைக் காலத்தில் மூடிவிட்டுக் கீழேயிருந்து அடுப்புச் சூட்டைக் காற்றாடி வைத்து மேலே ஊதுவோம். தொரை அந்தக் காற்றில் கையை நீட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"டீமேக்கர்! காத்து சும்மா போகுது. மரம் கொண்டா. இங்க அடுக்கு."

தேயிலை எந்த வாசத்தையும் குடித்துவிடும் என்பது ஸ்டோரில் கூட்டுகிறவளுக்கும் தெரியும். சல்லடை அறைக்கு வெங்காயம் கொண்டுபோகக் கூடாது, மண்ணெண்ணெய்க் கை கூடாது, தைலம் கூடாது. தலையில் மருக்கொழுந்து வைத்து வந்த ஒரு பெண்ணை வாசலிலேயே நிறுத்தி அன்றைய வேலையைப் பிடுங்கி அனுப்பியவர் இதே தொரைதான். அந்தச் சட்டமே அவருடையது. டீமேக்கர் பொத்தானைத் தடவினார். "சார், டர்ப்பன்டைன் மரங்க சார்... கொழுந்து பக்கத்துல..." என்று ஆரம்பித்தார். தொரைக்குத் தமிழில் கட்டளை மட்டும்தான் தெரியும். அன்று அதை வைத்தே வாதம் செய்தார்.

"வாசம் எலை. மரம் இல்லை. எலை வேண்டாம், மரம் மட்டும் கொண்டா."

நியாயம்போலத்தான் இருந்தது! அந்த மரத்தின் இலையைக் கசக்கினால்தானே மூக்கைத் துளைக்கும்? பலகையில் அவ்வளவு தெரியவில்லை. டீமேக்கர், "சரிங்க சார்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. தொரை இறங்கியதும் கேட்டேன். "ஐயா, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் தட்டில் கிடந்த இலையைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "நீ சொல்லிட்டு அட்டன் பஸ்ஸ புடிச்சிருவ தம்பி. படிச்சவன், எங்கயாச்சும் வாத்தியாராகிடுவ. நான் எந்த பஸ்ஸுல ஏறுறது?"

மரம் மேலே ஏறியது. மாடியின் ஒரு கோடியில், பலகைக்குப் பலகை நடுவே மரச் சிம்பு வைத்து, காற்றுப் புகும்படி ஆசாரி அடுக்கினார். அடுக்கும்போதே, "டீமேக்கரய்யா, எதுக்கும் ஒரு தேங்கா ஒடச்சிருவோம்" என்றார். டீமேக்கர் சிரிக்கவில்லை.

முதலில் நல்ல வெயில். சன்னல்கள் திறந்திருந்தன. காலையில் முந்தைய நாள் தேயிலையை வரிசையாகக் கோப்பைகளில் ஊற்றிச் சுவைத்துப் பார்க்கும்போது, டீமேக்கர் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். முன்பெல்லாம் அப்படிச் செய்ததில்லை. முகத்தில் எதுவும் வந்தால் நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் இருக்க வேண்டும். நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கோப்பைக்குக் கோப்பை அந்தத் தோள் இறங்கும். ஒன்றுமில்லை. அடுத்தது, ஒன்றுமில்லை. தொரை வந்து, பைப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டே ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சொன்னேன்?" என்று சிரித்தார். எங்களுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆசாரி, "அட, மரமும் தொரைக்குப் பயந்துருச்சு போல" என்றார்.

பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; மலை இருக்கிறதா என்று சந்தேகம் வரும்படி பெய்யும். சன்னல்களை மூடினோம். கீழே அடுப்பை மூட்டி, காற்றாடியைச் சுழற்றி, சூட்டை மேலே ஏற்றினோம். மாடி முழுக்க அந்தச் சூடு அலைந்து, ஈர மரத்துக்குள் புகுந்து, மறுபடி கொழுந்தின் மேல் வந்து படுத்தது. இலையில் ஒன்றும் தெரியவில்லை. உருட்டும்போதும் தெரியவில்லை. மறுநாள் காலை கோப்பைகளுக்கு முன்னால் சுவரைப் பார்த்து நின்ற அந்த முதுகு அசையாமல் நின்றுவிட்டது. பிறகு, திரும்பாமலேயே, "தம்பி, இங்க வா" என்றார்.

குடித்தேன். முதலில் நல்ல தேயிலைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிய பிறகு, தொண்டைக்குப் பின்னால், சின்ன வயதில் நெஞ்சுச் சளிக்கு அம்மா தேய்க்கும் தைலம் மெல்ல எழுந்து வந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, தன் மூக்கு பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டார்.

ஒரு வாரத்துத் தேயிலை அப்படி ஆனது. மரத்தை இறக்கச் சொல்லித் தொரையிடம் இரண்டு முறை போனார். மெதுவாகத்தான் சொன்னார், மழை, வாசம், கொஞ்சம் பாருங்க சார் என்று. தொரை வந்து குடித்தார். பைப் பிடித்துப் பிடித்து அந்த மனிதரின் நாக்கு எப்போதோ செத்திருந்தது. "நல்ல டீ" என்றார். கொழும்பில் ஏலத்துக்கு முன் சுவைப்பவர்களின் நாக்கு செத்திருக்காது. அங்கே போனால், இந்தத் தோட்டத்துத் தேயிலையில் மருந்து வாசம் என்று பெயர் விழும். பெயர் யார் தலையில் விழும் என்பது எங்களுக்குத் தெரியும். தொரை மரம் அடுக்கினார் என்று தோட்டத்துக்குச் சொந்தக்காரரான கொழும்புக் கம்பெனியிடம் யார் சொல்வது? டீமேக்கர் கெடுத்தான் என்றுதான் போகும். திங்கட்கிழமை பெட்டிகள் லாரியில் ஏற வேண்டும். நான் குதித்தேன். கம்பெனிக்காரர் வரும்போது சொல்லிவிடலாம், நானே இங்கிலீஷில் பேசுகிறேன் என்றேன். டீமேக்கர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரத்தின் நல்ல தேயிலையில் ஒரு டின் தொரையின் பங்களாவுக்குப் போவது வழக்கம். அந்த டின்னை டீமேக்கர் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். தானே நிரப்பி, தானே மூடி அழுத்துவார். அந்தச் சனிக்கிழமை மேசையில் இரண்டு குவியல் இருந்தது. ஒன்று மழைக்கு முன்னால் செய்தது. இன்னொன்று அந்த வாரத்தது. முன்னதைப் போட்டால் பங்களாவில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் இரண்டையும் முகர்ந்து பார்த்தார். வெளியே மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த வாரத்துத் தேயிலையை இரண்டு கையாலும் அள்ளினார். டின்னில் போட்டு மூடினார். மூடி கோணலாக உட்கார்ந்தது. எடுத்து மறுபடி அழுத்தினார்.

"ஐயா, வேணாங்க" என்றேன். இவ்வளவு நாள் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று பிடுங்கிய நான்தான் அப்படிச் சொன்னேன்.

"தொரைக்கு நாக்கு இல்ல. தொரைசாணிக்கு இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் நடந்ததை, அங்கே சமைக்கும் அப்பு டீமேக்கர் வீட்டு வாசலுக்கு ஓடிவந்து எங்களிடம் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துத் தொரை குடும்பத்தோடு வந்திருக்கிறார். வெள்ளி ட்ரேயில் டீ போயிருக்கிறது. தொரைசாணி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டார். விருந்தாளிப் பெண் இன்னொரு வாய் குடித்துப் பார்த்து, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா, மருந்துக் கோப்பை மாறி வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாள். "தொரையோட மொகம் அப்ப பாக்கணும்! பீட்ரூட்டு தோத்துச்சு" என்று அப்பு வாயைப் பொத்திச் சிரித்தார். டீமேக்கர் வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

திங்கள் காலையில் ஜீப் வந்த சத்தத்தில் ஸ்டோர் முழுக்க உருளைகள் மட்டும்தான் பேசின. தொரை டின்னைக் கோப்பை மேசையின் மேல் வைத்தார்.

"யாரு அனுப்பு?"

"நான்தாங்க சார்."

"தெரிஞ்சு அனுப்பு?"

நான் டீமேக்கரின் விரல்களைப் பார்த்தேன். அவை பொத்தானுக்குப் போகவில்லை. தொங்கிக்கொண்டிருந்தன.

"தெரிஞ்சுதாங்க சார். கொழும்புல தெரியறதுக்கு முன்னால வீட்டுல தெரியட்டும்னு அனுப்பினேன்."

தொரை மாடிக்கு ஏறினார். நாங்களும் பின்னால் ஏறினோம். மர அடுக்கின் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். பலகையைத் தொட்டார். ஒன்றும் தெரியாத கோபத்தில், கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த ஒரு அக்காவைப் பார்த்து, "வாசம் இருக்கு?" என்று கத்தினார். அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மிகப் பணிவாகச் சொன்னாள்: "வாசம் எல்லாம் தெரியலீங்க தொரைங்களே. மழை தொடங்குனதுலேருந்து எங்க யாருக்கும் சளி மட்டும் புடிக்கல."

சிரிப்பை அடக்க ஆசாரி மர அடுக்கின் பின்னால் போய்விட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தொரை முடிவு செய்துவிட்டார். மரம் இன்றே கீழே இறங்க வேண்டும். சரி. எங்களுக்கு நிம்மதி. பிறகு, கெட்ட தேயிலையைக் கொட்ட வேண்டாம், வரப்போகும் வாரங்களின் தேயிலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிட வேண்டும் என்றார். "கலக்கு. கொஞ்சம், கொஞ்சம். யாருக்கும் தெரியாது."

"கலக்க மாட்டேங்க சார்."

அந்த ஸ்டோரில் தொரைக்கு முன்னால் 'மாட்டேன்' என்ற சொல்லை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. சொன்னவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "ஒரு வாரத்து டீ கெட்டுப்போச்சு. கலந்தா ரெண்டு மாசத்து டீ கெட்டுப்போகும். என் கையால அது நடக்காதுங்க."

தொரை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பைப்பைத் தட்டினார். என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், மிக அமைதியாக, டீமேக்கருக்கு இந்த மரத்தின் மேல் இவ்வளவு அக்கறை இருப்பதால் அவரே மரத்தோடு போய் வீடு முடியும்வரை பார்த்துக்கொள்ளட்டும், பிறகும் அங்கே ஒரு காவலாள் வேண்டும், சம்பளம் தொடரும், இதை அவருக்கு எடுத்துச் சொல் என்றார். எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. டீமேக்கருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். அவரை நேராக வேலையை விட்டு நிறுத்தினால் ஏன் என்று கம்பெனி கேட்கும். தொரை தன் சொந்த வீட்டுக்கு எடுத்த தோட்டத்து மரம், தோட்டத்து லாரி, தோட்டத்து ஆசாரி எல்லாம் வெளியே வரும். அதனால்தான் அந்த அமைதி. நான் குமுறிக்கொண்டு போய், இதைச் சொல்லியே தொரையை மடக்கலாம் என்றேன். டீமேக்கர் வேண்டாம் என்று தலையாட்டினார். "மடக்கி? ஒரு தொரை போனா இன்னொரு தொரை. தொரைய மடக்குனவன்னு பேரு வாங்கிட்டு நான் எந்த ஸ்டோருக்குப் போவேன்? சம்பளம் வருதுன்னு சொல்றான்ல. புள்ளைங்க இருக்கு."

வீட்டைக் காலி செய்து, மனைவியையும் பிள்ளைகளையும் மஸ்கெலியாவில் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு வந்து லாரியில் ஏறினார். கெட்ட தேயிலையைக் கலக்கத் தொரைக்கும் தைரியம் வரவில்லை. தொழிலாளருக்குக் கொடுக்கும் தூளோடு சேர்த்து லயங்களுக்குப் போட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் லயங்கள் இருமல் மருந்து குடித்தன.

அவர் இடத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் அதிக நாள் நிற்கவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போய்விட்டார். தொரை என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீ பார் என்றார். சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் மாடிக்கும் கீழுக்கும் சும்மா ஏறி இறங்கினேன். யார் யாரோ சொல்லி அவர் காதுக்குப் போவதற்கு முன், நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என் பொறுப்பில் செய்த முதல் தேயிலையில் ஒரு டின் எடுத்துக்கொண்டு அட்டனில் ரயிலேறினேன். கொழும்பில் மாறி, கரையோரமாகப் போகும் ரயிலில் சன்னல் பக்கம் உட்கார்ந்து, வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

வீடு அழகாகத்தான் இருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால். கிட்டே போனால் ஆசாரி சொன்ன பச்சைப் பிள்ளை எல்லாப் பக்கமும் திரும்பிப் படுத்திருந்தது. தூண் ஒன்று இடுப்பை ஒடித்து நின்றது. கதவுகள் நிலையில் உட்காரவில்லை. காற்றடித்தால் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. ஆணிகள் உப்பில் கரைந்து, ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் ஒரு துருக்கோடு கண்ணீர்போல இறங்கியிருந்தது. டீமேக்கர் சாரத்தோடு, வெறுங்காலோடு, கன்னத்தில் நரைத்த தாடியோடு வந்தார். என்னைக் கண்டதும், "அடேய்!" என்று அவர் கத்தியதில் வராந்தாவில் இருந்த காகம் பறந்தது. ஸ்டோரைச் சுற்றிக் காட்டுகிறவர்போல அறை அறையாகக் காட்டினார். "இந்த உத்தரம் போன மாசம் வெடிச்சுது. இங்க உள்ள சிங்கள மரவேல பாஸ் ஒருத்தர் வந்து பாத்துட்டு சிரிக்கிறார். கடலுக்குப் பலா மரம் போடணுமாம், செம்பு ஆணி அடிக்கணுமாம். மலையில இருக்கறத மலையிலயே வைங்கன்னு சொல்லிட்டுப் போறார்."

அவர் தங்கியிருந்தது புதிதாக இழுத்துக் கட்டிய அறைகளில் ஒன்று. உள்ளே போனதும் எனக்கு மூக்கில் அடித்தது. அன்று காற்றில் ஈரம் அதிகம். பலகைச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் அந்தத் தைல வாசம் மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தது. நான் டின்னை நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். மூடிவிட்டார்.

"இங்க வச்சு எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. வாசம் டீயில இருக்கா, மரத்துல இருக்கா, என் மூக்குலயே ஒட்டிக்கிச்சா... தெரியல. வெளிய வா."

கொதிக்கும் தண்ணீரையும் இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வெகுதூரம் தள்ளி, காற்று மறைவாக ஒரு கற்சுவருக்குப் பின்னால் போய்க் குந்தினோம். ஊற வைத்தார். கோப்பையைத் தூக்கினார். அப்போதுதான் கேட்டார், அதுவும் கோப்பையைப் பார்த்துக்கொண்டே: "இத யார் செஞ்சது? என் எடத்துல இப்ப யாரு?"

ரயிலில் பழகியது ஒன்றும் வரவில்லை. "நான்தாங்க ஐயா" என்றேன்.

அலை ஒன்று வந்து போனது. இன்னொன்றும் போனது.

"வீடும் அதேதானா?"

"அதே வீடுதாங்க."

"சமயக்கட்டுல அடுப்புக்கு மேல தகரம் ஒழுகும். நான் எத்தன தடவ சொல்லியும் மாத்தல. நீ இங்கிலீசுல சொல்லு, மாத்துவான்."

பிறகு சத்தமாக உறிஞ்சினார். தேயிலை பார்க்கிறவர்கள் யாரும் விழுங்குவதில்லை. வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். அவர் விழுங்கினார். அடுத்த வாயையும் விழுங்கினார். கோப்பையை முடித்து, அடியில் ஒட்டிய இலையை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். நான் அவர் முதுகைப் பார்க்கவில்லை அன்று. முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மறைக்காமல் வைத்திருந்தார்.

"வாட்டுனது பத்தல" என்றார். "அவசரப்பட்டிருக்க. இன்னும் கொஞ்சம் காத்துல விடு. இன்னொரு கோப்ப ஊத்து, சொல்றேன்."